பிளாக் அப்பாயி கண்ணு வைத்த கதை

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காலத்தில் பேய், பிசாசு, காத்து, கருப்பு எல்லாம் குடும்பத்தோடு வசித்ததாகச் சொல்வார்கள். நான் குடியிருந்த தெருவில் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. பிளாக் அப்பாயி இருக்கிற தெருவில் நமக்கென்ன வேலை என்று அவை வேறு ஊர் பார்த்துக்கொண்டு போய்விட்டன.

இதை எனக்குச் சொன்னவர் அந்தத் தெருமுனை டீக்கடை மாஸ்டர். வங்கி வேலையில் மாற்றலாகி வந்து, பெட்டியும் கையுமாக வீடு தேடிக்கொண்டிருந்த நாள் அது.

"மாடி ஒண்ணு காலியா இருக்கு சார். வாடகை கம்மி. காத்து பிச்சுக்கிட்டு வரும். ஆனா..."

"ஆனா?"

"வீட்டுக்கார அம்மா பிளாக் சார்."

"கருப்பா இருந்தா என்ன மாஸ்டர்? நான் மட்டும் சிவப்பா?"

"அட, அது இல்ல சார். பிளாக் பண்றவங்க."

"பிளாக் ஆபீஸ்ல வேலையா? பி.டி.ஓ.வா?"

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பாய்லருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "மை சார். பொம்மை, ஊசி, அந்த பிளாக். பேத்தியே சொல்லிச்சு சார், 'எங்க அப்பாயி தினம் பிளாக் போடுறாங்க'ன்னு. சின்னப் புள்ள பொய் சொல்லுமா?"

வாடகை கம்மி என்ற சொல்லுக்கு முன்னால் எனக்கு மையாவது, ஊசியாவது. போய்க் கதவைத் தட்டினேன். நல்ல உருமம், உச்சிவெயில் நேரம். தெருவில் நாய்கூட இல்லை. உள்ளேயிருந்து "திறந்துதான் இருக்கு, வாங்க" என்று குரல் வந்தது. உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

கூடத்துச் சுவர் முழுக்க மர அலமாரி. அலமாரி முழுக்கப் பொம்மைகள். முழங்கை உயரத் துணிப் பொம்மைகள். மூக்கு இருக்கிறது, சிவப்பு நூலில் சிரிக்கிற வாய் இருக்கிறது, கம்பளி நூலில் வகிடெடுத்த தலை இருக்கிறது. கண் மட்டும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வெறும் துணியாக, வழவழவென்று இருந்தது. அத்தனையும் கண்ணில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தன. நடுவில் நாற்காலியில், பல்லில் ஊசியைக் கடித்தபடி, மெலிந்த ஒரு அம்மாள்.

"வாங்க தம்பி. இப்படி வெளிச்சத்துல வந்து நில்லுங்க. உங்களை நல்லாப் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். தோள் அகலம், காது, முன்வழுக்கை எல்லாம். வாடகை பற்றி ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. கிளம்பும்போது, "பழைய சட்டை ஏதாவது இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. என்கிட்ட குடுங்க" என்றார். மறுநாளே குடிபோனேன். ஓடிப்போகாததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் விஷயம் புரிந்தது. அப்பாயியின் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அந்தப் பெரிய வீட்டில் வருஷம் முழுக்கத் தனியாக இருப்பார். கோடை லீவு வந்தால் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று வீடு கொள்ளாது. வைகாசியில் குலதெய்வத்துக்கு வீட்டிலேயே படையல் போட்டு, அத்தனை பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவார்கள். வரப்போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை. அவரவர் பழைய துணியிலேயே தைத்தது. ஆள் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும், அந்த ஆளை எதிரில் உட்காரவைத்து, பொம்மைக்கு இரண்டு கருகமணிகளைக் கண்ணாக வைத்துத் தைப்பார். ஆள் ஊருக்குக் கிளம்பிப் போனதும் கத்தரியை எடுத்துக் கண்ணைப் பிரித்துவிடுவார்.

"ஏன் அப்பாயி, அப்படியே இருக்கட்டுமே?" என்று ஒருநாள் கேட்டேன். கத்தரி சிங்கப்பூர்ப் பேரனின் வலது கண்ணில் இருந்தது.

"ஆளு இல்லாதப்ப கண்ணு இருந்தா, அது வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும் தம்பி. பாவம்ல."

முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. அதோடு மனசும் இளகியது. அப்பாயியிடம் பேசினால் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

பிளாக் என்பது வேறொன்றுமில்லை. ஒரு லீவில் பேத்தி அவருக்கு இணையத்தில் வலைப்பக்கம் ஒன்று தொடங்கிக் கொடுத்திருந்தாள். பொம்மைப் படம், வத்தல் பக்குவம், யார் வந்தார்கள், யார் என்ன சாப்பிட்டார்கள் என்று தினம் அதில் எழுதுவார். உலகமே அதையெல்லாம் விட்டுவிட்டு ரீல்ஸுக்குப் போன பிறகும் அப்பாயி அசையவில்லை. எழுதுவது என்றால் கையால் அல்ல. போனை வாய்க்கு அருகில் வைத்துப் பேசுவார். அது தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளும். "பேரன்கள் எல்லாரும் வந்துட்டாங்க, வீடு நெறஞ்சிருச்சு" என்று அப்பாயி சொன்னது, "பேய்கள் எல்லாரும் வந்துட்டாங்க, வீடு நெறஞ்சிருச்சு" என்று உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை யாரோ டீக்கடையில் சத்தமாகப் படித்துக் காட்டியதிலிருந்து எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கேட்டுக்கு வெளியிலேயே இறங்க ஆரம்பித்தது. நான்தான் உருட்டிக்கொண்டு வருவேன்.

போதாததற்கு அப்பாயியின் பேச்சு. காய்கறிக்காரம்மா ஒருநாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "என்னா அப்பாயி, லீவுக்கு எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டது தப்பே இல்லை.

"வந்தாச்சு. எல்லாருக்கும் கண்ணு வச்சாச்சு."

"கண்ணு வச்சாச்சா?"

"ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாக்கி. அதுக்கும் வச்சிட்டேன்னா நிம்மதியாப் படுப்பேன்."

காய்கறிக்காரம்மா எடை போட்டுக்கொண்டிருந்த கத்தரிக்காயைத் தட்டோடு கொட்டிவிட்டு, கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் இலவசமாக வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தது. அப்பாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல மனசு. பாவம், வியாபாரம் தெரியல" என்றார்.

இன்னொரு நாள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டுக்குள் ஒரு போட்டோவை மறைத்து எடுத்துக்கொண்டு வந்தார். வரப்புத் தகராறு. பங்காளி அரையடி வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான் என்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த மனிதர். நான் அப்போது கூடத்தில்தான் இருந்தேன்.

"இந்த ஆளுக்கு ஒண்ணு பண்ணணும் அப்பாயி."

அப்பாயி போட்டோவை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "முடி சுருட்டையா? உசரம் என்னா இருப்பாரு? அவரு துணி ஏதாச்சும் கிடைக்குமா?"

பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். "கொண்டாந்துடறேன்."

"எப்ப வருவாரு?"

"யாரு?"

"இவருதான். இவரு வந்து எதுக்க உக்காந்தாத்தானே கண்ணு வைக்க முடியும்?"

"அவன் ஏன் வரணும்? அவன் எங்கயுமே வரக் கூடாதுன்னுதானே நான் வந்திருக்கேன்!"

அப்பாயி போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். அலமாரிப் பக்கம் கையைக் காட்டி, நிதானமாகச் சொன்னார். "வராதவனுக்கு எதுக்குய்யா கண்ணு? இதுங்க எல்லாமே வர்றதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்குதுங்க. உங்க வீட்டுக்கு யாரு வருவா, அதை நெனச்சுப் பாருங்க."

பெரியவர் அலமாரியைப் பார்த்தார். அலமாரி அவரைப் பார்த்தது. அன்று சாயங்காலமே அந்த மனுஷன் நேராகப் பங்காளி வீட்டுக்குப் போய், அரையடி என்ன, ஓரடியே எடுத்துக்கோ என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அப்பாயிக்குக் கடைசிவரை இது தெரியாது.

எனக்குத் தைரியம் அதிகம் என்று தெருவில் பெயர் வந்துவிட்டது. உண்மையில் எனக்குள் உதறல்தான். ஒரு மத்தியானம் காற்றே இல்லாதபோது சிங்கப்பூர்ப் பேரனின் பொம்மை மேல் தட்டிலிருந்து தலைகுப்புற விழுந்தது. அப்பாயி எடுத்துத் தட்டி வைத்தார். கொஞ்ச நேரத்தில் போன். படிக்கட்டில் வழுக்கிப் பேரனுக்குக் கணுக்காலில் எலும்பு விட்டுவிட்டதாம். அதிலிருந்து பேரப்பிள்ளைகள் பரீட்சைக்குப் போகுமுன் போன் செய்து, "அப்பாயி, என் பொம்மை நல்லா உக்காந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டார்கள். மூத்த மகன் சென்னையில் பெரிய இன்ஜினீயர். இதெல்லாம் அபத்தம் என்று திட்டுவார். ஆனால் விமானம் ஏறுகிற நாளில் அவர் போனும் வரும். "அம்மா, சும்மாத்தான் கேக்கறேன். என்னோடதைக் கீழ்த்தட்டுல வச்சிரேன்."

இப்போது அந்தப் பாக்கி ஆளுக்கு வருகிறேன்.

அலமாரியின் நடுத்தட்டில் செம்பருத்திப்பூ நிறத்தில் சேலை கட்டிய ஒரு பொம்மை. எத்தனையோ கோடை வந்து போயும் அதற்குக் கண் வைக்கவில்லை. அது செம்பருத்தி. நிஜப் பெயர் தெரியாது. அப்பாயியின் வலைப்பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு பெண், காலையில் முதல் ஆளாக வந்து பின்னூட்டம் எழுதுவார். "கொத்தவரங்காய் வத்தலுக்கு மோர் புளிச்சிருக்கணுமா?" "நீலப் பாவாடைப் பொம்மைக்குச் சடை இன்னும் கொஞ்சம் நீளம் வேணும்." அப்பாயி அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். போன் நம்பர் கேட்கக் கூடாது என்று இரண்டு பேருக்கும் ஒப்பந்தம். "குரலைக் கேட்டுட்டா பேச்சு போனுக்குப் போயிடும் தம்பி. அப்பறம் எழுத மாட்டோம்." சேலம் பக்கம், தனிக்கட்டை, தையல் தெரியும். அப்பாயிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தை மாதத்தில் செம்பருத்தி எழுதியிருந்தார். "இந்த வருஷம் படையலுக்குக் கட்டாயம் வருகிறேன். எனக்கும் கண் வையுங்கள்." அப்பாயி அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. பொம்மையை இறக்கித் தூசு தட்டி, கண் வரவேண்டிய இடம் மறந்துபோகாமல் இருக்க இடது பக்கம் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. "அடையாளத்துக்குத் தம்பி" என்றார்.

மாசியிலிருந்து செம்பருத்தி எழுதவில்லை. ஒரு வரி இல்லை. அப்பாயி தினமும் விடியலில் போனைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டு, பல் தேய்க்காமல் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

அந்த வருஷம் பார்த்துத்தான் மூத்த மகனின் பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். படையலுக்கு ஒரு வாரம் முன்பு. கூடத்தில் உட்கார வைத்து பஜ்ஜி கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினார். கண் வைத்த பொம்மைகள் பாதி, கண் இல்லாதவை பாதி, கண்ணில் குண்டூசி குத்திய ஒன்று. அப்பாயி அன்பாக அந்தப் பையனின் சட்டைக் காலரைத் தொட்டு, "இந்தத் துணி நல்லா இருக்கு. பழசானதும் எனக்குக் குடு. உனக்கும் ஒண்ணு பண்ணிடறேன்" என்றார். அவர்கள் கார் சத்தம் அடங்கியபோது பஜ்ஜிகூட ஆறியிருக்கவில்லை.

மூத்தவர் வெடித்துவிட்டார். "ஊர்ல உன்னை என்னன்னு பேசறாங்க தெரியுமாம்மா? அந்த செம்பருத்தின்னு ஒரு ஆளே கிடையாது. மெஷினும்மா அது! கம்ப்யூட்டரு தானா எழுதுது! அதுக்கு ஒரு பொம்மை, அதுக்கு ஒரு ஊசி! படையலுக்கு அந்தம்மா வந்தா நான் வாயை மூடிக்கறேன். வரலைன்னா, இந்தப் பொம்மை பூரா ஆத்தோட போகும். வீட்டைப் பூட்டிட்டு நீ என்கூட சென்னைக்கு வந்துடணும்."

"ஆத்துல ஏதுடா தண்ணி?"

"ஜூன்ல வரும்ல, அப்ப விடறேன்!"

அப்பாயி சிரிக்கவில்லை. "சரிடா" என்றார். மாடிப்படியில் நின்றிருந்த என்னிடம் அப்புறம் சொன்னார். "சென்னையில யாரும் வர மாட்டாங்க தம்பி. எல்லாரும் அங்கயேதான் இருப்பாங்க. நான் யாருக்குக் கண்ணு வைப்பேன்?"

படையல் நாள். உச்சிவெயில். இலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது. பந்தியில் ஒரு இலை காலியாக இருந்தது. எதிரில் மணையில் செம்பருத்திப் பொம்மையை உட்கார வைத்திருந்தார் அப்பாயி. பிள்ளைகள் அந்த இலைக்குப் பக்கத்தில் உட்கார மறுத்து அழுதார்கள். மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெற்றிலை குறைகிறது என்று என்னை அனுப்பினார்கள்.

டீக்கடையில் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பெருமையாக ஓடி வந்தார்.

"சார், இன்னிக்கு ஒரு உசுரக் காப்பாத்திட்டேன் சார்!"

"யார் உசுரை?"

"வெளியூர் அம்மா சார். கருப்புக் கண்ணாடி. பஸ்ஸ விட்டு எறங்கி, தடவித் தடவி நேரா என்கிட்ட வந்து, 'பிளாக் எழுதற அப்பாயி வீடு எதுங்க? எனக்குக் கண்ணு வைக்கிறேன்னாங்க, அதான் வந்தேன்'னு கேக்குது! தானாத் தேடிக்கிட்டு வருது சார்! நான் விடுவேனா? 'அவங்க சென்னைக்குப் போயிட்டாங்கம்மா, இனிமே வர மாட்டாங்க'ன்னு சொல்லி, கையில ஒரு எலுமிச்சம்பழத்தக் குடுத்து, நீடாமங்கலம் பஸ்ல ஏத்திவிட்டுட்டேன். டேஷன் போயி ரயிலப் புடிச்சிரும். அந்தம்மா அழுதுச்சு சார். தப்பிச்ச சந்தோஷம்."

வெற்றிலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பாயி எழுந்துவிட்டார். மணையிலிருந்த பொம்மையை அள்ளிக்கொண்டார். "வண்டிய எடுங்க தம்பி."

"அம்மா! படையல்!" என்று கத்தினார் மூத்தவர்.

"சாமி காத்துக்கிட்டு இருக்கும்டா. பஸ்ஸு இருக்காது."

அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த வயல்களுக்கு நடுவே ஸ்கூட்டரை விரட்டினேன். இரண்டு பக்கமும் ஒரு ஈ காக்கை இல்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே வெறும் மணல் பளபளத்தது. பின்னால் அப்பாயி பொம்மையை என் தோளுக்கு மேலே பிடித்திருந்தார். கண்ணாடியில் பார்த்தால் என் முகமும், என் கழுத்தோடு ஒட்டி, குண்டூசி குத்திய அந்தக் கண்ணில்லாத முகமும். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் மாட்டை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட்டை ஜனங்கள் சபிக்காத நாள் கிடையாது. அது மூடித் திறப்பதற்குள் ஒரு கல்யாணப் பேச்சைத் தொடங்கி முடித்துவிடலாம். முதல்முறையாக அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏனென்றால் அந்தப் பக்கம் போகவேண்டிய பஸ்கள் அத்தனையும் இந்தப் பக்கம் வரிசையாக நின்றன.

எந்த பஸ் என்று தெரியாது. செம்பருத்தியின் முகமும் தெரியாது. அப்பாயி யோசிக்கவில்லை. வெயிலில் இறங்கி, பொம்மையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, முதல் பஸ்ஸின் முதல் ஜன்னலில் காட்டினார்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணை விழித்தார். அவர் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். அப்பாயி அடுத்த ஜன்னலுக்குப் போனார். பிறகு அடுத்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு "ஐயோ", ஒரு "முருகா". நடத்துநர் ஒருவர் படியிலிருந்து எகிறிக் குதித்து, "என்னா பாட்டி, போ அந்தாண்ட!" என்று கையிலிருந்த டிக்கெட் மெஷினைக் காட்டி விரட்டினார். அப்பாயிக்கு எதுவும் காதில் விழவில்லை. "செம்பருத்தி... செம்பருத்தி..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். தூரத்தில் ரயில் கூவியது. கேட் திறந்துவிட்டால் முடிந்தது.

இரண்டாவது பஸ்ஸின் கடைசிக்கு முந்தின ஜன்னல். உள்ளே கருப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், மடியில் எலுமிச்சம்பழத்தோடு. அவர் மட்டும் கத்தவில்லை. ஏதோ எதிரில் நிற்கிறது என்று உணர்ந்தவராகக் கையை வெளியே நீட்டினார். விரல்கள் பொம்மையின் தலையைத் தொட்டன. சடையைத் தடவின. மூக்குக்கு வந்தன. அதற்கு மேலே, குண்டூசித் தலைக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத வழவழப்பான இடத்தில் நின்றன.

"இது நான்தானே?" என்றார்.

அப்பாயி தலையை ஆட்டினார். பிறகு அந்த அம்மாளுக்குப் பார்வை சரியில்லை என்று புரிந்து, "நீதான்டி, நீதான்" என்றார். எழுத்தில் எப்போதும் 'நீங்கள், வாருங்கள்' என்று பேசிக்கொண்டவர்கள்.

பஸ்ஸுக்குள் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார் அப்பாயி. சுருக்குப்பையிலிருந்து இரண்டு கருகமணி. குண்டூசியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலேயே தைக்கத் தொடங்கினார். ரயில் தடதடவென்று போய் முடிந்தது. கேட் திறந்தது. பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. எங்கள் பஸ் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸே எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முடிச்சுப் போட்டுடுங்கம்மா. அப்பறம் எடுக்கறேன்" என்றார் ஓட்டுநர்.

அவர்கள் இறங்கும்போது காரில் விரட்டிக்கொண்டு வந்திருந்த மூத்தவர், வெயிலில் வாய் திறந்தபடி நின்றிருந்தார். தன் மகன் என்று அப்பாயி சொன்னதும் அந்த அம்மாள் குரல் வந்த திசையில் கை கூப்பினார். மகனின் பேச்சையெல்லாம் அப்பாயி ஒன்று விடாமல் வலைப்பக்கத்தில் போட்டிருப்பார் போல.

"வணக்கம் தம்பி. நான்தான் அந்த மெஷினு."

மூத்தவர் கார் கதவைத் திறந்துவிட்டார். படையலில் அந்தக் காலி இலைக்கு அவரே பரிமாறினார். "இன்னொரு வடை வைக்கவா பெரியம்மா?" என்று அவர் கேட்ட குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் அப்பாயி கேட்டார். "ஏன் எழுதல?"

"கண்ணுல நரம்புக் கோளாறு. எழுத்தே தெரியல. பக்கத்து வீட்டுப் பொண்ணு நேத்துதான் உங்க பக்கத்தைப் படிச்சுக் காட்டிச்சு. அதான் ஒத்தையில கிளம்பி வந்துட்டேன். கண்ணுக்குள்ளயே ஊசி போட்டாங்க அப்பாயி."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்தான் மங்கல். ஊசி போட்டது இடது கண்ணுல. மாசியில."

கூடத்தில் எல்லாரும் அந்தப் பொம்மையின் இடது கண்ணைப் பார்த்தார்கள். பிள்ளைகள்கூட. அப்பாயி ஜன்னல் பக்கம் எழுந்து போய், தையல் பெட்டியைத் திறந்து, குண்டூசி டப்பாவை எடுத்து அப்படியே கொல்லையில் வீசினார். இன்றுவரை சாக்பீஸால்தான் அடையாளம் வைக்கிறார்.

மறுநாள் டீக்கடை மாஸ்டருக்கு நான் பொறுமையாக விளக்கினேன். பிளாக் என்றால் இது, கண்ணு வைப்பது என்றால் இது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எழுதறதா சார்? வெறும் எழுத்தா? அதுக்கா ஊரே பயந்துச்சு!" டீயை நீட்டிவிட்டு, பாய்லருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "ஆனா சார்... அந்தக் குண்டூசி?"

நான் டீயைக் குடித்தேன்.

ஜூனில் ஆற்றில் தண்ணீர் வந்தது. பொம்மை எதுவும் ஆற்றோடு போகவில்லை. எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள், கத்தரி வெளியே வந்தது. செம்பருத்திப் பொம்மையை மட்டும் அப்பாயி கையில் எடுத்து, வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "அந்தக் கண்ணுல கத்தரி வைக்க மனசு வரல. பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்றார். அது வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ராத்திரி மாடிக்கு ஏறும்போது அதன் பார்வையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த அம்மாள் அதற்கப்புறம் ஒரு கோடைகூடத் தவறவிட்டதில்லை.

கத்தரி வெளியே வந்த அன்றைக்குத்தான் நான் மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். மேல் தட்டின் ஓரத்தில் என் பழைய நீலக் கட்டம்போட்ட சட்டையில், முன்வழுக்கையோடு, ஒரு பொம்மை இருந்தது. குடிவந்த வருஷமே செய்தது. அதற்கு ஒருநாளும் கண் கிடையாது.

"எல்லாருக்கும் வச்சீங்க. எனக்கு எப்ப அப்பாயி?"

அப்பாயி ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க எங்க தம்பி வந்தீங்க? இங்கயேதானே இருக்கீங்க. போனாத்தானே வர முடியும்?"

பிறகு ஒருநாள் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. லாரியில் சாமான் ஏற்றிவிட்டுச் சொல்லிக்கொள்ளப் போனேன். பொம்மையைத் தருவார் என்று நினைத்தேன். தரவில்லை. "இது இங்க இருக்கட்டும்" என்றார். நானும் "போயிட்டு வர்றேன்" என்றேன். எத்தனையோ வீடு மாறியிருக்கிறேன். எல்லா வீட்டுக்காரர்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், எங்கேயும் திரும்பிப் போனதில்லை.

போன வாரம் அப்பாயியின் வலைப்பக்கத்தில் அலமாரியின் படம் வந்திருந்தது. மேல் தட்டின் ஓரத்தில் நீலச் சட்டை. கண்ணில்லாமல் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே வழக்கம்போல முதல் ஆளாக, யாரையோ வைத்து எழுதச் சொல்லி, செம்பருத்தி கேட்டிருந்தார். "அந்த நீலச் சட்டை எப்போது வருகிறது?" அப்பாயி பதில் போட்டிருந்தார். "மணி எடுத்து வைத்திருக்கிறேன்."

எங்கோ ஒரு வீட்டுக் கூடத்தில், என் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணில்லாமல் ஒருவன் எனக்காகக் காத்திருக்கிறான் என்றால் முறைப்படி எனக்குக் குலை நடுங்க வேண்டும். படையலுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கென்னவோ, முதல்முறையாகச் சொந்த ஊருக்குப் போகிற மாதிரி இருக்கிறது.